பக்கத்து மேசைக்கு ஒரு நற்செயல்

நவம்பர் 3, திங்கள்

பிரின்சிபால் நவநீதன் சாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால்தான் மூளை வேலை செய்யும். திங்கட்கிழமை காலையில் நாங்கள் அதை அனுபவிப்போம். போன மாதம் ‘புன்னகைப் புதன்’. அதற்கு முந்தின மாதம் எல்லா ஆசிரியர்களும் கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏற வேண்டும், ஆரோக்கியமாம். இன்றைக்கு வந்திருப்பது பிறந்தநாள் திட்டம்.

இனிமேல் ஆசிரியர் பிறந்தநாளுக்குக் கேக் கிடையாது, சமோசா கிடையாது. பிறந்தநாள் வருகிறவர் அந்த நாளுக்குள் தன் பிளாக்கில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நற்செயல் செய்ய வேண்டும். செய்யும்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். போட்டோ இல்லாத நற்செயல் கணக்கில் வராது.

முதல் பலி யார்? இந்த மாதம் இருபதாம் தேதி ஐம்பத்திரண்டு வயதாகப் போகிற கணக்கு டீச்சர் சௌடேஸ்வரி. அதாவது நான்.

“உங்களை வெச்சு ஆரம்பிக்கறதுல எனக்கு ரொம்ப சந்தோஷம் மிஸ்” என்றார். அவருக்குக் கோயம்புத்தூர்ப் பேச்சு, திட்டினால்கூட உபசரிப்பது போலத்தான் இருக்கும். இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததைவிடப் பெரிய நற்செயல் எது சார் என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

எங்கள் பிளாக்கில் தமிழய்யா மணிமொழியன், பி.டி. மாஸ்டர் டேனியல், கம்ப்யூட்டர் மிஸ் ஹர்ஷினி, ஆயாம்மா வீரக்காள். பிறகு பக்கத்து மேசை.

பக்கத்து மேசை என்றால் அறிவியல் டீச்சர் அன்னபாக்கியம். எனக்கும் அவளுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு சாக்பீஸ் வேண்டுமென்றால்கூட வீரக்காள் மூலமாகத்தான். அவளுக்கு நான் நற்செயல் செய்து, இரண்டு பேரும் பல்லைக் காட்டி, அதை ஹர்ஷினி போட்டோ எடுத்து! நடக்கிற காரியமா?

இன்றைக்கும் தயிர் சாதம்தான் கொண்டுவந்திருந்தாள். இந்த மழையில் யாராவது தினமும் தயிர் சாதம் சாப்பிடுவார்களா? எனக்கென்ன.

நவம்பர் 5, புதன்

நற்செயல் தமிழய்யாவில் தொடங்கியது.

அவருக்குக் கூட்டல் வராது. இரண்டாம் இடைத்தேர்வுத் தாள்களைத் திருத்தி, மதிப்பெண்ணை வகுப்பில் வாசித்தும்விட்டார். “நான் ஒரு தடவை கூட்டிப் பார்த்துத் தரட்டுமாய்யா” என்று கேட்டேன். “தாங்கள் நீடு வாழ்க அம்மா” என்று கும்பிட்டார். ஹர்ஷினி போட்டோ எடுத்தாள்.

பாதித் தாளில் கூட்டல் தப்பு. கூடினவன் குதித்தான், குறைந்தவள் அழுதாள். மத்தியானத்துக்குள் ஒரு அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் நின்று, வாசித்த மார்க்கைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம் என்று சத்தம் போட்டார். பிரின்சிபால் தமிழய்யாவைக் கூப்பிட்டு அரை மணி நேரம் அன்பாகப் பேசினாராம். சாயங்காலம் தமிழய்யா என்னிடம் வந்து, “அம்மா, நான் தங்களுக்கு ஏதேனும் தீங்கு செய்தேனா?” என்று கேட்டார்.

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. பக்கத்து மேசையும் சிரித்தாள், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தனியாக. முன்பெல்லாம் முதல் சிரிப்பே அவளுடையதாகத்தான் இருக்கும். இப்போது எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறாள். பெரிய மனுஷி ஆகிவிட்டாள் போல.

நவம்பர் 6, வியாழன்

ஹர்ஷினி காலையில் வெறும் வயிற்றோடு வருகிறாளே என்று ஐந்து மணிக்கு எழுந்து இட்லி அவித்து, தேங்காய்ச் சட்னி அரைத்து, டப்பாவில் கொண்டுபோனேன். “ஐயோ மிஸ், நான் மத்தியானம் வரைக்கும் எதுவும் சாப்பிடக் கூடாது. டயட்” என்றாள். ஆனால் போட்டோவுக்கு மட்டும் ஒரு இட்லியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். எடுத்து முடிந்ததும் டப்பாவை டேனியல் மாஸ்டரிடம் நீட்டினாள். அவர் நின்றபடியே காலி செய்தார்.

சரி, ஒரே இட்லியில் இரண்டு நற்செயல் என்று நினைத்தேன். டேனியல் சாப்பிட்டதற்குப் போட்டோ இல்லை என்று பிரின்சிபால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே சாயங்காலம் டேனியலுக்குப் பதிலாகக் கேட்டில் நின்று பிள்ளைகளைச் சாலை கடத்திவிட்டேன். எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப் ஒன்று பள்ளத்தில் இறங்கி, என் சேலையில் இடுப்பு வரை சேற்றை அடித்துவிட்டுப் போனது. அதைத்தான் ஹர்ஷினி போட்டோ எடுத்தாள். கீழே முப்பது பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் வீரக்காளை என் நாற்காலியில் உட்காரவைத்து, நானே டீ ஊற்றிக் கொடுத்தேன். அவள் உட்காரவே இல்லை, நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் டீச்சர், என்னைய நிப்பாட்டப் போறாகளா?”

“சீ, என்ன பேச்சு. இது என் பொறந்தநாளுக்காக.”

“நெசமாச் சொல்லுங்க. போன தடவ அந்த வாட்ச்மேனையும் இப்படித்தான் உக்கார வெச்சு டீ குடுத்தாக.”

சத்தியம் செய்த பிறகுதான் குடித்தாள். போட்டோவில் பார்த்தால் போலீஸ் பிடித்து வைத்த ஆள் மாதிரி இருக்கிறாள். அன்பு செய்கிறேன் பேர்வழி என்று அந்த மனுஷியைக் காலங்காத்தாலே நடுங்க வைத்ததுதான் மிச்சம்.

மத்தியானம் பிரின்சிபால் கூப்பிட்டார். நற்செயல் பற்றித்தான் கேட்பார் என்று போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“உங்ககிட்ட மட்டும் சொல்றேன் மிஸ், நீங்க சீனியர். அன்னபாக்கியம் மிஸ் மேல பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் வந்திட்டே இருக்கு. பசங்க டவுட் கேட்டா பதிலே சொல்றதில்லையாம். வேற என்னமோ சொல்றாங்களாம். கரஸ்பாண்டென்ட், அரையாண்டு முடிஞ்சதும் வேற ஆள் போட்டுக்கலாம்ங்கறார். பத்தொன்பதாம் தேதி அவங்க கிளாஸ்ல நான் போய் உக்காந்து பாக்கறேன். அதை வெச்சுத்தான் முடிவு. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.”

எங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை என்பது இந்த ஊருக்கே தெரியும், இவருக்குத் தெரியாது. “சரிங்க சார்” என்று வந்துவிட்டேன்.

அரையாண்டுக்குப் பிறகு வேறு ஆள். பக்கத்து மேசையில் வேறு யாரோ. நல்லதுதான். என் மேசைமேல் அவள் தன் புத்தகத்தைச் சாய்த்து வைக்கிற தொல்லை விட்டது.

நவம்பர் 8, சனி

வீட்டுக்காரருக்கு ஏலக்காய்க் கடையில் சீசன் நேரம், சனி ஞாயிறு கிடையாது. துணி துவைத்து மாடியில் காயப்போட்டேன், மழை வந்தது, எடுத்தேன், வெயில் வந்தது, போட்டேன், மழை வந்தது. ஒரு நாள் முழுக்க இதுதான்.

கை வேலை செய்தாலும் மனசு சும்மா இருக்கவில்லை. ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைஸ் பிரின்சிபால் பதவி காலியானது. எனக்குத்தான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். கரஸ்பாண்டென்ட் அன்னபாக்கியத்தைக் கூப்பிட்டு, உங்க ஃபிரண்ட் எப்படி என்று கேட்டிருக்கிறார். “நல்ல டீச்சர் சார். ஆனா ரொம்பக் கத்துவா” என்று சொல்லியிருக்கிறாள். பதவி வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போனது. நான் கத்துவேனா? ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்தைந்து பேரை வைத்துக்கொண்டு கத்தாமல் காதில் ஊதவா முடியும்? இருபது வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள் அப்படிச் சொல்லலாமா?

ஒரு வாரம் பேசவில்லை. அதற்குமேல் எனக்கே முடியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட. நானாகத்தான் போனேன். மத்தியானம் மோட்டார் ரூம் பக்கக் குழாயில் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். வாழ்க்கையில் நான் மெதுவாகப் பேசின ஒரே தடவை அதுதான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டப்பாவைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

போனது நான். திரும்பாதது அவள். வேலை போனால் போகட்டும்.

நவம்பர் 10, திங்கள்

பிரின்சிபாலுக்கும் ஒரு நற்செயல் செய்ய வேண்டுமாம், அவரும் பிளாக்கில் அடக்கமாம். இன்று ஸ்டாஃப் மீட்டிங்கில் அவர் பேசின முக்கால் மணி நேரமும் நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் என் நற்செயல் என்றேன். அதையும் போட்டோ எடுக்கச் சொன்னார்.

மீட்டிங் முடிவில் “யாருக்காவது டவுட் இருக்கா, அன்னபாக்கியம் மிஸ்?” என்று கேட்டார். அவள் “ஆமா சார், முடிச்சிட்டேன்” என்றாள். எல்லோரும் கையைத் தட்டிக் கலைந்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

இடைவேளையில் அவள் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய கைப்பையில் போன் அடித்தது. சாமி பாட்டு, முழுச் சத்தத்தில். நின்றது, மறுபடி அடித்தது. ஸ்டாஃப் ரூமே அவளைப் பார்க்கிறது. அவள் சிவப்பு மையில் ஒரு மார்க்கைச் சுழித்து அடுத்த தாளை எடுத்தாள். ஹர்ஷினி தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுப் பையைத் திறந்தாள். “சைலன்ட்ல போட்ருந்தேன், அதான்” என்று சொல்லிச் சிரித்தாள். பாட்டு அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

மணி அடித்து எல்லோரும் எழுந்து போனார்கள். எல்லோரும் எழுந்ததைப் பார்த்துவிட்டு அவளும் எழுந்தாள். அலமாரியைத் திறந்து சார்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் நின்று “அன்னபாக்கியம்” என்றேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்கிறேன். கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். சுற்றிக்கொண்டு அவளுடைய இடது பக்கம் போய் நின்றபோதுதான் என்னைப் பார்த்தாள்.

“என்ன மிஸ்?” என்றாள். கண் என் கண்ணில் இல்லை, என் வாயில் இருந்தது.

“ஒண்ணுமில்ல” என்று வந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

அன்றைக்குக் குழாயடியிலும் நான் அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். மோட்டார் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 13, வியாழன்

பிரின்சிபாலிடம் போய் என் வகுப்பு ஒன்பது ஏ-வுக்கும் அன்னபாக்கியத்தின் ஒன்பது பி-க்கும் ரூமை மாற்ற வேண்டும் என்றேன். பி செக்ஷன் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. எதிரே ஜீப் ஸ்டாண்ட், மேலே தகரக் கூரை. ஏ செக்ஷன் பின்பக்கம், வேப்ப மரத்தடியில், சத்தமே இருக்காது.

“ஏன் மிஸ்? நல்ல ரூமை விட்டுட்டு யாராவது அங்க போவாங்களா?”

“என் பசங்க தூங்கறாங்க சார். கொஞ்சம் சத்தம் இருந்தா முழிச்சிருப்பாங்க. அப்புறம் அங்க காத்தே வரலை.”

மரத்தடியில் காற்று வரவில்லை என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. “கற்றல் சூழல் மாற்றம்! நல்ல ஐடியா மிஸ்” என்றார். அவருக்கு ஒரு தலைப்புக் கிடைத்தால் போதும்.

கடைசிப் பீரியடில் பிள்ளைகள் பெஞ்சு, பை, சாப்பாட்டுக் கூடை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடியது சந்தை கலைந்த மாதிரி இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும். அன்னபாக்கியம் வாசலில் நின்று என்னையே பார்த்தாள். நான் ஒரு பெஞ்சைத் திட்டிக்கொண்டிருப்பது போலப் பாவனை செய்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். அவள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை நாடகத்துக்குக் கூட்டிப் போயிருந்ததால் ஒன்பது பி-யில் ஒரு பீரியட் காலி. நான் போகிறேன் என்றேன். நானாகக் கேட்டு அடுத்தவர் பீரியடை வாங்குகிறேன் என்றதும் டேனியல் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

“எவன்டா சயின்ஸ் மிஸ் டவுட் கேட்டா பதில் சொல்றதில்லைன்னு வீட்ல போய்ச் சொன்னது?”

முன் பெஞ்சு கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது.

“எப்படிடா டவுட் கேப்பீங்க? கேளு பாப்போம். நீ எந்திரி.”

ஒரு பையன் பாதி எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, வாயைக் கையால் மறைத்து ஏதோ முனகினான். எனக்கே கேட்கவில்லை.

“இதுக்குப் பேரு டவுட்டா? கொசு பாடற மாதிரி இருக்கு. இனிமே இந்த கிளாஸ்ல யாரு கேட்டாலும் கையைத் தூக்கணும். மிஸ் பாத்த பிறகுதான் எந்திரிக்கணும். நேரா நிமிந்து, மிஸ் முகத்தைப் பாத்து, கடைசி பெஞ்சுக்குக் கேக்கற மாதிரி கேக்கணும். மிஸ் போர்டுல எழுதறப்போ ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. பழகுங்க.”

பீரியட் முழுக்கப் பழக்கினேன். பீரியட் முடிவதற்குள் அந்தப் பையன் ஒளிச்சேர்க்கை பற்றி அரசியல் மேடையில் பேசுவது போலக் கேட்டான்.

நவம்பர் 17, திங்கள்

ஜீப் ஸ்டாண்டில் ஒரு டிரைவருக்குக்கூட ஹாரனிலிருந்து கையை எடுக்கத் தெரியாது. அல்ஜீப்ரா ஆரம்பித்தால் மழையும் ஆரம்பிக்கிறது. தகரத்தில் கல்லை அள்ளிக் கொட்டுகிற சத்தம். தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்காரர், “வீடு ரொம்ப அமைதியா இருக்கே, ஏதாச்சும் ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். பேச முடிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இந்தச் சத்தத்தில் அவள் எப்படி இத்தனை நாள் பாடம் எடுத்தாள்? யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், தினமும் பயந்து பயந்து.

நவம்பர் 18, செவ்வாய்

பிரின்சிபால் நினைவூட்டினார். எல்லோருக்கும் முடிந்துவிட்டது, அன்னபாக்கியம் மிஸ் மட்டும் பாக்கி, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல போட்டோ வேண்டும் என்று. நாளைக்கு அந்தப் பொம்பளையின் வேலைக்கு உலை வைக்கப் போகிற ஆள் இன்றைக்கு அவளுக்கு நான் அன்பு காட்டவில்லை என்று வருத்தப்படுகிறார். மனுஷனை என்ன செய்வது?

நவம்பர் 19, புதன்

மூன்றாவது பீரியட். எனக்கு ஓய்வு. ஒன்பது பி-க்குப் பக்கத்தில் இருக்கும் லேபில் போய் உட்கார்ந்துகொண்டேன். டெஸ்ட் டியூப் எண்ண ஆசையாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

பிரின்சிபால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மரத்தடி அமைதியாக இருந்தது. அன்னபாக்கியத்தின் குரல் முதலில் நடுங்கியது, பிறகு சரியாகிவிட்டது. அவள் இதயத்தை வரைந்து விளக்கினால் நம் நெஞ்சுக்குள்ளேயே கையை விட்டுக் காட்டுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. ஒரு பெண் கை தூக்கினாள், எழுந்தாள், கணீரென்று கேட்டாள். இவள் பளிச்சென்று பதில் சொன்னாள். அடுத்தவன், அதற்கடுத்தவன். லேபில் உட்கார்ந்திருந்த எனக்கு வேர்த்துக் கொட்டியது.

வெளியே வந்த பிரின்சிபால் என்னைப் பார்த்து, “என்ன டிசிப்ளின் மிஸ் அந்த கிளாஸ்ல! கம்ப்ளெய்ன்ட் குடுத்தவங்களைத்தான் கூப்பிட்டுப் பேசணும். அன்னபாக்கியம் மிஸ் இருக்கட்டும்னு கரஸ்பாண்டென்ட்கிட்ட சொல்லிடறேன்” என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் அன்னபாக்கியம் என் ஸ்கூட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“பசங்களை நீதான் பழக்குனியா?”

“எந்தப் பசங்களை?”

“கீழ பாக்காத. என்னையப் பாத்துப் பேசு.”

பார்த்தேன். “ஆமா.”

“ரூமும் அதுக்குத்தானா?”

“அங்க காத்து வரலை.”

“எனக்குக் காது கேக்கலைன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

நான் ஸ்கூட்டிச் சாவியைத் தேடினேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“யாரு கேட்டா உன்னைய? ரெண்டு வருஷமா நான் ஒருத்தி இருக்கேனா செத்தேனான்னு நீ பாக்கல. இப்ப உன் பொறந்தநாளுக்கு நான் பிச்சை வாங்கணுமா? நாளைக்கு செவிட்டு டீச்சருக்கு உதவி செஞ்சேன்னு குரூப்ல போட்டோ போடுவியா? போடு. நானே வந்து நிக்கிறேன்.”

எனக்குக் கோபம் வந்தால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். ஆனால் வாயே வரவில்லை. தொண்டை கட்டியதால் அல்ல. அவள் போய்விட்டாள். ஸ்கூட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். போட்டோ எடுக்காமல் செய்தது அது ஒன்றுதான், அதற்குப் போய் இந்தப் பேச்சு.

நவம்பர் 20, வியாழன்

வீட்டுக்காரர் காலையில் புதுச் சேலை எடுத்துக் கொடுத்தார். பச்சை நிறம் எனக்குப் பிடிக்காது என்று இருபத்தேழு வருஷமாகச் சொல்கிறேன். கட்டிக்கொண்டு போனேன்.

பிரின்சிபால் எல்லாப் போட்டோவையும் ஒரே படமாக ஒட்டி ஸ்டாஃப் ரூம் பலகையில் மாட்டியிருந்தார். தமிழய்யாவின் கும்பிடு, இட்லி, சேறு, வீரக்காளின் பயம், நான் வாய் மூடியிருந்த மீட்டிங். ஒரு கட்டம் மட்டும் காலி. “இன்னைக்கு ஃபில் பண்ணிடுவோம் மிஸ்” என்றார். அவரை ஒன்றும் சொல்லவில்லை. பிறந்தநாளும் அதுவுமாக எதற்கு?

மத்தியானம் எல்லோரும் டப்பாவைத் திறந்துவிட்டார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. அன்னபாக்கியம் தன் மேசையில் சாப்பிட ஆரம்பிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவளுக்கு எதிரே, முகத்துக்கு நேராக நின்றேன்.

அவள்தான் முதலில் பேசினாள். “நேத்து ரொம்பப் பேசிட்டேன். காதுல மிஷின் வெச்சா வெளிய தெரியும், வேலைய விட்டு எடுத்துருவாங்கன்னு பயந்துக்கிட்டே ஓட்டிட்டேன். வலது காது போய் மூணு வருஷம் ஆச்சு. இப்ப இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாப் போகுது. சனிக்கெழமை மதுரைக்குப் போறேன், டாக்டர்கிட்ட. மிஷின் மாட்டிக்கிட்டு வந்து நானே சார்கிட்ட சொல்லிடறேன். வேலையில வெச்சா வெக்கட்டும், எடுத்தா எடுக்கட்டும்.”

“எடுத்துருவாரா? எடுக்கச் சொல்லு பாப்போம். நானும் மதுரைக்கு வாரேன்.”

“உனக்கெதுக்குச் சிரமம்?”

“சிரமம்தான். வாரேன்.” பிறகு மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னேன், “இன்னொண்ணு சொல்லணும். அந்த வைஸ் பிரின்சிபால் விஷயம் நடந்தப்ப, ஒரு வாரம் கழிச்சு நான் வந்தேன். மோட்டார் ரூம் குழாயில நீ டப்பா கழுவிட்டிருந்த. பின்னாடி நின்னு கூப்பிட்டேன். நீ திரும்பல.”

கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

“நீ வந்தியா?”

“வந்தேன்.”

“வரவே இல்லைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். வந்து ரெண்டு திட்டு திட்டிட்டாவது போவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் எனக்கும் வீம்பு வந்துருச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என்ன சொன்ன, அன்னைக்கு?”

சொன்னேன். மழை ஸ்டாஃப் ரூம் தகரத்திலும் கொட்டுகிறது, என் தொண்டையோ கட்டிக் கிடக்கிறது. அவள் தலையை ஆட்டினாள். “கேக்கல.”

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். “கேக்கலப்பா” என்றாள். என் வாயைப் பார்க்க முடியாமல் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

எங்களைச் சுற்றி ஒருவரும் சாப்பிடவில்லை. தமிழய்யாவின் கை பாதி வழியில் நிற்கிறது. வாசலில் பிரின்சிபால். ஹர்ஷினி போனைத் தூக்கினாள், நான் பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டாள். இத்தனை பேர் முன்னால் கத்த வேண்டுமா என்று ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்தது. பிறகு எனக்கே எரிச்சல் வந்தது. இத்தனை வருஷம் எதெதற்கோ கத்தியிருக்கிறேன், இதற்குக் கத்தினால் குறைந்தா போய்விடுவேன்? கட்டின தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினேன்.

“வாடி, சாப்பிடலாம்னு சொன்னேன்!”

பக்கத்து வகுப்புகள்கூட அடங்கிவிட்டன. தாழ்வாரத்தில் யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது.

அன்னபாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் டப்பாவை நடுவில் தள்ளி, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“கேட்டுச்சு” என்றாள். “இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன்.